மந்திரி சொன்ன ‘இல்லை’

சட்டசபை வாசலில் தையல்நாயகியின் வீட்டுக்காரர் தள்ளுவண்டியில் டீ விற்றார். அவளுக்குச் சபைக்குள் உறுப்பினர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை. வாசலில் வண்டியே நிற்கக் கூடாது என்று அமைச்சர் வஜ்ரவேலு ஒரு மசோதா கொண்டு வந்தார்.

“ஐயா, எங்க பிழைப்பே அதுதாங்க” என்று அவள் கும்பிட்டாள்.

அவர் சிரித்தார். “சபையில ஒருத்தன் ‘இல்லை’ன்னு சொல்லட்டும், விட்டுடறேன். என்னை மீறி எவன் சொல்லுவான்?”

“ஒரு குரல் போதுங்களா?”

“போதும், போ.”

அவர் வாயைத் திறந்த பிறகே மற்ற உறுப்பினர்கள் வாயைத் திறப்பது அங்கே வழக்கம்.

மத்தியானம் சபாநாயகர், “மசோதாவை ஏற்போர் ‘ஆம்’ என்க, மறுப்போர் ‘இல்லை’ என்க” என்றார். தையல்நாயகி சாமியை நினைத்துக்கொண்டு அமைச்சர் முன்னால் தம்ளரை வைத்தாள்.

“ஐயாவுக்குச் சர்க்கரை வியாதியாமே?”

ஊருக்கே அதை மறைத்து வைத்திருந்தவர் பதறிப்போய், “இல்லை! இல்லவே இல்லை!” என்று மைக்கில் கத்திவிட்டார்.

அமைச்சரே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன யோசனை? மேசையைத் தட்டி அத்தனை பேரும் “இல்லை! இல்லை!” என்றார்கள்.

“மறுப்போரே அதிகம். மசோதா தோற்றது” என்றார் சபாநாயகர்.

வெளியே வந்து அமைச்சர் குதித்தார். “என்னையே ஏமாத்திட்டியா?”

“ஒரு குரல் கேட்டீங்க. நீங்களே கொடுத்தீங்க” என்று அவள் நிமிர்ந்து நின்றாள். “வண்டிக்கு வாங்கய்யா, டீ குடிக்கலாம். சர்க்கரை போடணுமா, வேணாமா? சத்தமாச் சொல்லுங்க.”

பின்னால் நின்ற உறுப்பினர்கள், அவர் சொல்வதையே தாங்களும் சொல்லக் காத்திருந்தார்கள்.