சாமிக்குப் போட்ட குரோம்

திருமூர்த்தி அண்ணன் எங்க வார்ப்புப் பட்டறைல உலைக்காரர். வயசு அம்பத்திரண்டு. ஒரு எடத்துல நிக்கவே மாட்டாரு. உலைகிட்டப் போவாரு, வருவாரு, அது உறுமுனா இவரும் "ம்ம்ம்"னு உறுமுவாரு. எது உலை, எது அண்ணன்னு எங்களுக்கே குழம்பும்.

அவருக்குக் குரு, லேப்ல இருக்கற ரெஜினா. வயசு இருபத்தெட்டு.

அன்னிக்கு லேப் கதவ இடிச்சுக்கிட்டு உள்ள போனாரு. வேடிக்க பாக்க நாங்களும் பின்னாலயே போனோம்.

"அம்மணி, கல்லு உடைக்கிற மெசினுக்கு நாம வார்த்துக் குடுத்த சுத்தியல் மறுக்கா ஒடைஞ்சிருச்சு. மூணாவது தடவை. துண்டு பறந்து என்ற மச்சான் காதோரமாப் போயிருக்குது. அவன் அந்த மெசின்கிட்டதான வேலைக்கு நிக்கிறான்."

"அவருக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"இன்னிக்கு ஆகல. அடுத்த உருக்கு இப்ப ரெடியாகுது. இன்னும் என்ன சேத்தினா ஒடையாது, சொல்லு."

"நான் எழுதிக் குடுத்த எடைக்கு மேல ஏதாச்சும் சேத்தறீங்களாண்ணா?"

அண்ணன் கூரைத் தகரத்த எண்ணுனாரு.

"இரும்பு கெட்டியாகோணும்னு குரோம் போடறமல்ல, அதுல கொலசாமி பேரச் சொல்லி ஒரு கை. எங்கப்பா காலத்துப் பழக்கம்."

"ஒரு கைதானா?"

"மொத ஒரு கை. ஒடைஞ்சப்பறம் ரெண்டு கை. போன தடவை ஒரு சட்டி."

ரெஜினா ரெண்டு கம்பிய மேசைல வெச்சா. ஒண்ணு போன தடவை அண்ணன் உருக்குனது. இன்னொண்ணு எடை மாறாம அவளே நின்னு உருக்குனது. அரத்தக் குடுத்து, "தேய்ங்க"ன்னா.

அண்ணன் கம்பில அரம் வழுக்குச்சு. அவ கம்பில கோடு விழுந்துச்சு. அண்ணன் மொகத்துல மாப்பிள்ளைக் களை வந்துருச்சு.

"பாத்தியா? என்றதுதான் கெட்டி."

"ஆமாங்ண்ணா. கண்ணாடிய மாட்டிக்கிட்டு இப்ப அடிங்க."

சம்மட்டி ஒரே தடவதான் எறங்குச்சு. அண்ணன் கம்பி ரெண்டாப் போச்சு. துண்டு பறந்து பீரோல டங்குன்னுச்சு. எல்லாரும் குனிஞ்சுட்டோம். அவ கம்பி ஆறு அடி வாங்கிட்டு லேசா வளைஞ்சு கெடந்துச்சு.

அண்ணன் அந்தத் துண்டையே பாத்தாரு. பீரோல விழுந்த குழியத் தொட்டாரு. அப்பறம் தன் காதத் தொட்டாரு.

வெளிய மணி அடிச்சுது. உருக்கு ரெடி. அண்ணன் ஓடுனாரு. உலைகிட்டப் போனதும் கை தானாக் குரோம் சட்டிப் பக்கம் போச்சு. பாதில நின்னுச்சு. திரும்பிப் பாத்தாரு. பின்னாலயே ரெஜினா வந்து நின்னா.

"சாமி பேருல எதும் போடாம எப்பிடி அம்மணி ஊத்தறது? பயமா இருக்குதல்ல."

"சாமியக் கும்பிடுங்ண்ணா. ரெண்டு கையும் சேத்து. நாங்க ஊத்தி முடிக்கிற வரைக்கும் பிரிக்காதீங்க."