கண்ணை மூடிக் கோத்த மாலை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, பெரிய ஏரிக்கு நடுவே நீர்மங்கலம் என்று ஒரு தீவு நாடு இருந்தது. அதன் இளவரசி அல்லியங்கோதை. அவள் அண்ணன் எழினி.

அந்த நாட்டின் மேல் மந்திரவாதி காலகண்டனுக்கு ஆசை வந்தது. ஏரியைச் சுற்றிப் பூதங்களை நிறுத்தினான். தீவில் அரிசி தீர்ந்தது. பிள்ளைகள் பசியில் அழுதார்கள்.

எழினி ஒளிந்து நீந்தி அக்கரை போனான். படகுகளில் நெல் ஏற்றினான். எந்தத் துறைக்கு வருகிறான் என்று தங்கைக்குப் புறாவில் ஓலை அனுப்பினான். எதிரிக்குப் புரியாதபடி ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதியிருந்தான்.

காலகண்டன் புறாவைப் பிடித்தான். "சொல் கிளியே!" என்றான்.

அவன் தோளில் இருந்த கிளி, "வடக்குத் துறை, எசமானே!" என்றது. அங்கே காத்திருந்த பூதங்களால் படகுகள் மூழ்கின.

அடுத்த தடவை எழினி தன் பிறந்த நட்சத்திரத்தின் எண்ணை வைத்துத் தள்ளி எழுதினான்.

"சொல் கிளியே!"

"கிழக்குத் துறை, எசமானே!" படகுகள் மூழ்கின.

எழினி காயத்தோடு நீந்தித் தீவுக்குத் திரும்பினான். கிளி மதிலில் வந்து உட்கார்ந்து அழுதது. "இளவரசி, ஒரு மனசு யோசித்ததை நான் யோசித்துவிடுவேன். 'தெரியாது' என்று சொல்ல முடியாதபடி காலகண்டன் போட்ட சாபம் எனக்கு. எனக்கே தெரியாத ஒன்று வந்தால் சாபமும் உடையும், அவன் மந்திரமும் போகும்."

கோதைக்குச் சுருக்கென்று புரிந்தது. "அண்ணா, அப்போ மனசே யோசிக்காத ஒன்று வேணும்!"

எழுத்து எத்தனையோ அத்தனை வகை மணிகளை, வகைக்கு நிறையவாக, குடத்தில் போட்டுக் குலுக்கினாள். கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தாள். அதே வரிசையில் இன்னொரு மாலையும் கோத்தாள். ஓலையின் முதல் எழுத்துக்கு முதல் மணி, இரண்டாவதுக்கு இரண்டாவது மணி; எத்தனை இடம் தள்ளுவது என்று அந்தந்த மணியின் வகையே சொல்லும்.

"மூணு சிவப்பு சேர்ந்தே வந்திருக்கே, ஒண்ணை மாத்தட்டுமா?" என்றான் எழினி.

"தொடாதே! நீ மாத்தினா உன் மனசு உள்ளே வந்துடும். இன்னொன்று, ஒரு எழுத்துக்குப் பயன்பட்ட மணியை மறுபடி எடுக்காதே, ஏரியில் போட்டுடு."

ஆளுக்கொரு மாலை. எழினி மறுபடியும் அக்கரை போனான். ஓலை பறந்தது. காலகண்டன் பிடித்தான்.

"சொல் கிளியே!"

கிளி முழித்தது. "'மேற்கு'ன்னாலும் சரியா வருது, 'தெற்கு'ன்னாலும் சரியா வருது, 'வராதே'ன்னாலும் சரியா வருது. எனக்கு... எனக்குத் தெரியாது, எசமானே!"

அவ்வளவுதான்! சாபம் படீரென்று உடைந்தது. பூதங்கள் பனியாகக் கரைந்தன. காலகண்டன் எடுத்தான் ஓட்டம். கிளி இருந்த இடத்தில் தும்பை என்ற படகோட்டி மகள் நின்றாள். புறாவோ ஓலையோடு தீவுக்குப் பறந்தது.

கோதை தன் மாலையை வைத்து ஓலையைப் படித்தாள். எழினியின் நெல் கரையேறியது; ஊரெல்லாம் உலை கொதித்தது. தும்பை கூச்சத்தோடு வந்து, "இளவரசி, அந்த ஓலையில் என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மேற்கு!" என்று சிரித்த கோதை, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டாள். அன்றைக்கு நீர்மங்கலத்தில் பசியோடு படுத்தவர் ஒருவர்கூட இல்லை.