ஒண்ணும் பண்ணாதுங்க

படுத்துட்டியா தேனு? காலை நீட்டிக்கோ. அத்தை கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு தெரு. அந்தத் தெருவுல ஒரு தையல்காரி, பேரு புஷ்பவல்லி. அவ வீட்டுல அவளும் ஒரு நாயும்தான். நாட்டு நாய், பூனையை விடக் கொஞ்சம் பெருசு. வாலு சுருண்டு சுருண்டு இருக்கும், அதனால முறுக்குன்னு பேரு வெச்சா. தினம் காலையில ஆறு மணிக்கு முறுக்குக்குச் சங்கிலி மாட்டி, தெருமுனை டீக்கடை வரைக்கும் கூட்டிட்டுப் போவா. டக் டக் டக்னு குட்டிக் காலை வெச்சு அது நடக்கும். ம் சொல்லு.

அதே தெருவுல ஏகாம்பரம்னு ஒருத்தர். அவர்கிட்ட ஒரு நாய், கன்னுக்குட்டி உசரம், பேரு கமாண்டர். அவரும் ஆறு மணிக்குத்தான் கிளம்புவாரு. நாய்ச் சங்கிலி எங்க இருக்கும் தெரியுமா? நாய் கழுத்துல இல்லடி, அவரு கழுத்துல! துண்டு மாதிரி தொங்கவிட்டுக்கிட்டு, கிலுக் கிலுக்னு வருவாரு. நாய் அது பாட்டுக்கு முன்னாடி ஓடும். கோலம் போட்டுட்டு இருக்கிற பொம்பளைங்க எல்லாம் மாவுக் கிண்ணத்தைப் போட்டுட்டு உள்ள ஓடுவாங்க. கேட்டா, "ஒண்ணும் பண்ணாதுங்க, ரொம்ப சாது"ம்பாரு. சாதுவாம்! இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரியுது.

அப்புறம் ஒருநாள் கமாண்டர் முறுக்கைப் பாத்துருச்சு. உர்ர்ருன்னுச்சு. புஷ்பவல்லி முறுக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, "சார், உங்க நாயைப் பிடிங்க!"ங்கிறா. அவரு அங்கேருந்தே கையை ஆட்டறாரு. "பயப்படாதம்மா, விளையாடக் கூப்பிடுது!" பல்லைக் காட்டிக்கிட்டு எந்த நாயாவது விளையாடக் கூப்பிடுமா? நீயே சொல்லு. நல்ல வேளை, பக்கத்து வீட்டு கேட் திறந்து கிடந்துச்சு. படக்னு உள்ள புகுந்து சாத்திட்டா. அது ஒரு தடவை.

"அப்புறம்?"

அப்புறம் அவ ஆறு மணியை விட்டுட்டு அஞ்சரைக்குப் போனா. ஒழுங்கா இருக்கிறவதான் ஒதுங்கிப் போகணும், பாத்தியா அநியாயத்தை! ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தா. அப்போ ஒருநாள் ஏகாம்பரத்துக்கும் தூக்கம் வரல போல, அஞ்சரைக்கே வந்துட்டாரு. கமாண்டர் தபதபதபன்னு ஓடி வருது. இவ என்ன பண்ணா? பிள்ளையைத் தூக்கற மாதிரி முறுக்கை வாரித் தூக்கி, தலைக்கு மேல வெச்சுக்கிட்டா. நானும் அதைத்தான் பண்ணிருப்பேன், யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க. ஆனா தப்பாப் போச்சு. உசரத்துல இருக்கவும் கமாண்டர் எம்பி எம்பிக் குதிச்சுது. மூணாவது குதிப்புல, லபக்! முறுக்கோட பின்னங்கால் தொடையைக் கவ்விருச்சு. வீல்...னு கத்துச்சு பாரு, தெருவே எந்திரிச்சுருச்சு.

ஏகாம்பரம் மெதுவா நடந்து வந்து, "கமாண்டர், நோ! நோ!"ங்கிறாரு. அது காதுலயே வாங்கல.

எப்படியோ பிடுங்கி, ஆட்டோ பிடிச்சு, மாட்டாஸ்பத்திரிக்குப் போனா. ஒன்பது தையல். ஊர்ல பாதிப் பேருக்கு ரவிக்கை தெச்சுக் கொடுத்தவ, அந்த ஊசியைப் பாக்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டா. பாவம்டி அவ.

அழுவாத, இரு. கதை முடியல.

அப்புறம் நேரா அவரு வீட்டுக்குப் போயிக் கேட்டா. அதுக்கு அந்த மனுஷன், "உங்க நாய்தான் மொதல்ல முறைச்சிருக்கும்"ங்கிறாரு. தலைக்கு மேல தூக்கி வெச்ச நாய் எங்கிட்டு முறைக்கும்? இவ விறுவிறுன்னு வீட்டுக்குத் திரும்பி வந்துட்டா.

முறுக்கு கட்டிலுக்கு அடியில போனது போனதுதான். வெளிய வரவே மாட்டேங்குது. சங்கிலிச் சத்தம் கேட்டாலே உச்சா போயிரும். டாக்டர் சொல்லிட்டாரு, "தினம் நடக்க வைங்கம்மா. நடக்கலேன்னா கால் இப்படியே விறைச்சுப் போயிரும். அந்த நாய் வந்தா இதைத் தூக்காதீங்க, குறுக்க ஏதாவது வைங்க." குறுக்க என்னத்த வைக்கிறது? கதவையா கழட்டிட்டுப் போக முடியும்?

அப்போ அவ கண்ணுல பட்டுச்சு, மூலையில அவங்க அப்பா வெச்சிருந்த பெரிய கறுப்புக் குடை. பட்டனை அமுக்கினா படார்னு விரியும், ரெண்டு ஆளு நிக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, மொதல்ல மெதுவா விரிச்சா. விரிச்சதும் முறுக்குக்கு ஒரு துண்டு அவிச்ச முட்டை. மடக்கினா. மறுபடி விரிச்சா, முட்டை. பத்து நாள் இதே வேலை. அப்புறம் படார்னு விரிச்சாக்கூட முறுக்கு ஓடல, வாலை ஆட்டிக்கிட்டு முட்டை எங்கன்னு பாத்துச்சு. ம் சொல்லுடி.

"ம்..."

பதினோராம் நாள் தெருவுல இறங்கினா. முறுக்கு ஒரு காலை இழுத்து இழுத்து நடக்குது. கோலம் போடறவங்க எல்லாம், "ஏண்டி புஷ்பா, மழையுமில்ல வெயிலுமில்ல, யாருக்குடி குடை?"ன்னு கிண்டல் பண்றாங்க. இவ பாட்டுக்கு நடந்தா.

கிலுக் கிலுக். தபதபதப!

வருது கமாண்டர். உர்ர்ர்ர்! "ஒண்ணும் பண்ணாதும்மா!"ன்னு தூரத்துல அவரு. இவ முறுக்கைத் தூக்கல. தனக்குப் பின்னாடி நிறுத்திக்கிட்டு, காலை ஊனி நின்னா. வரட்டும், வரட்டும்னு பாத்தா. நாலடி இருக்கும்போது பட்டனை அமுக்கினா.

படார்!

கமாண்டர் முன்னங்காலை ஊனிச் சறுக்கி, கோலத்து மேல விழுந்து பொரண்டு, கைங் கைங்னு கத்திக்கிட்டு ஏகாம்பரம் காலுக்கு நடுவுல போயி ஒளிஞ்சுது. இந்தப் பக்கம் முறுக்கு சமத்தா உக்காந்து, முட்டைக்கு வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு!

ஏகாம்பரத்துக்கு வந்துச்சு பாரு கோவம். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? வாயில்லா ஜீவன்! இப்படியா பயமுறுத்துவ?"

புஷ்பவல்லி குடையை மடக்கவே இல்ல. நிதானமாச் சொன்னா: "பயப்படாதீங்க சார். ஒண்ணும் பண்ணாதுங்க. நம்ம குடை ரொம்ப சாது."

தெருவே கொல்லுன்னு சிரிச்சுது. இவ அவரு கழுத்துல கிடந்த சங்கிலியைக் காட்டி, "அது உங்களுக்கு வாங்கினதா சார், நாய்க்கு வாங்கினதா?"ன்னா. மனுஷன் சங்கிலியைக் கழட்டி, நாய்க்கு மாட்டி, கூட்டிட்டுப் போனாரு. நடுங்கிக்கிட்டுப் போச்சு அது. பாவம், அதைச் சொல்லி என்ன? சங்கிலி மாட்டாதவரைச் சொல்லணும்.

"சாரி கேட்டாரா அத்தே?"

கேக்கலடி. இன்னிக்கு வரைக்கும் கேக்கல. ஆனா அன்னிக்கு முறுக்கு டீக்கடை வரைக்கும் நடந்துச்சு. திரும்பியும் நடந்தே வந்துச்சு. மறுநாள் ஆறு மணிக்கு, இவ கூப்பிடறதுக்கு முன்னாடியே, கட்டிலுக்கு அடியிலேருந்து தானா வெளிய வந்து, குடைப் பக்கத்துல போயி உக்காந்துக்கிச்சு.

தேனு? ம் சொல்லு. ...சரி, தூங்கிட்டா. கதையையும் கட்டிப் போட்டாச்சு, இனி அவுந்து வராது. தூங்குடி தங்கம்.