கல்லுக்குப் பதில் உக்காந்த தலைவருங்க

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு, அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு, அப்படி ஒரு காலத்துல ஒரு நாடு இருந்துச்சாம். அந்த ஒத்த வீட்டுல சேவுகன்னு ஒருத்தன் இருந்தான். முன்னாடி ஊரு மொத்தமும் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு, அப்புறம் ஒரு வெள்ளத்துல ஆறு தடம் மாறிப் போச்சு, அப்புறம் எல்லாரும் இந்தக் கரைக்கு வந்துட்டாங்க. சேவுகன் மட்டும் வரலை. அப்பன் ஆத்தாளைப் புதைச்ச மண்ணை விட்டுட்டு வர அவனுக்கு மனசு இல்லை.

அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி, செம்பாயி. அவளை இந்தக் கரையில கட்டிக் குடுத்திருந்தாங்க. காலையில எந்திரிச்சதும் சேவுகன் கரையில வந்து நிப்பான், தங்கச்சி வீட்டு அடுப்புப் புகை தெரியுதான்னு பார்ப்பான். புகை தெரிஞ்சா, ம், தங்கச்சி நல்லாத்தான் இருக்கான்னு திரும்பிப் போவான். அவ்வளவுதான் அவனுக்குச் சொந்தம் பந்தம். பேச ஆளு இல்லை. கொஞ்ச நாள் ஆட்டுக்கிட்டப் பேசுனான், ஆடும் செத்துப் போச்சு, அப்புறம் அவன் பேச்சையே அவன் கேட்டுக்கிட்டுக் கிடந்தான். நீந்திப் போகலாமேன்னு கேக்கறியா? ஆறு பூராவும் முதலைடா, வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கும். ஊருக்கே ஒரு பரிசல்தான், அதுவும் பெரிய ஆளுங்க கையில.

இப்படி இருக்கையில செம்பாயிக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. பவளம்னு பேரு வச்சாங்க. பேரு வச்சாச்சு, காது குத்தணும். காது குத்தணும்னா தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? மாமனோ அக்கரையில. "எங்கண்ணன் மடி இல்லாம என் பொண்ணு காதுல ஊசி படக்கூடாது"ன்னு செம்பாயி ஒரே பிடியா நின்னுட்டா. பிள்ளை வளருது, காது மூளியாவே இருக்கு, ஊருப் பிள்ளைங்க எல்லாம் மூளிக்காதி மூளிக்காதின்னு கூப்பிடுதுங்க.

இப்போ அந்த நாட்டு வழக்கத்தைக் கேளுங்க. அங்கே தலைவரை ஜனங்கதான் தேர்ந்தெடுக்கணும். நிக்கறவன் வீடு வீடாப் போயி, அடுப்புக்கிட்ட உக்காந்து, இதைச் செய்வேன் அதைச் செய்வேன்னு சொல்லணும். இப்போ தேர்தல் அறிக்கைன்னு அச்சடிச்சுக் குடுக்கறாங்களே, அப்போ அது வாய்ச்சொல்லு. சொல்லிட்டு அந்த வீட்டு அடுப்புல வெந்த கஞ்சியை ஒரு வாய் குடிக்கணும். ஒரு வீட்டுல குடிக்காமப் போனாலும் அவன் போட்டியில இல்லை. சொன்னதை நம்புனா வீட்டுக்காரங்க தங்க அடுப்புல இருக்கற மூணு கல்லுல ஒரு கல்லை எடுத்துக் குடுப்பாங்க. யாருக்குக் கல்லு ஜாஸ்தியோ அவன் தலைவன். சொன்னதைச் செஞ்சு முடிச்சதும் அவனே கல்லைச் சுமந்துட்டு வந்து அடுப்புல வைக்கணும். அதுவரைக்கும் அடுப்பு ரெண்டு கல்லுல நொண்டும், நொண்டுனா ஜனங்க கேப்பாங்க, கேட்டா அவன் செய்வான். முன்னோருங்க நல்லாத்தான் யோசிச்சாங்க. நம்ம ஜனங்க என்ன பண்ணுச்சு? ஆத்தங்கரையில இன்னொரு கல்லைப் பொறுக்கி வச்சுக்கிட்டுச் சமைக்க ஆரம்பிச்சிருச்சு! அப்புறம் சொன்னவனும் மறந்தான், கேட்டவங்களும் மறந்தாங்க.

அந்த ஊர்ல ரெண்டு கட்சி. சிவப்புத் தலைப்பாக் கட்சிக்கு வல்லவராயன், பச்சைத் தலைப்பாக் கட்சிக்கு நெடுமுடி. மொதல்ல வல்லவராயன் பரிசல்ல ஏறி அக்கரைக்கு வந்தான். "சேவுகா, உனக்கு மரப்பாலம் போட்டுத் தாரேன்டா!"

"பாலம் அப்புறம் ஆகட்டுங்க. இப்போ உங்க பரிசல்லயே என்னை அக்கரை சேர்த்துருங்க, தங்கச்சி மவளுக்குக் காது குத்தணும்."

"பரிசல்ல மேளக்காரன் இருக்கான், மாலை இருக்கு, இடம் ஏது? பாலமே வரப்போகுது, பரிசல் எதுக்குடா?"

அப்படிச் சொல்லிட்டுக் கஞ்சியைக் குடிச்சு, கல்லை வாங்கிக்கிட்டுப் போனான். போற வழியில மேளக்காரன் கேட்டான், "அய்யா, அவனை ஒரு நடை ஏத்திட்டுப் போனா என்ன?" வல்லவராயன் சிரிச்சான். "அவன் கரை ஏறிட்டா அடுத்த தடவை அவன்கிட்ட என்னத்தைடா சொல்றது?" கேட்டீங்களா அந்தப் பேச்சை!

வல்லவராயன் தலைவரானான். சேவுகன் கரையில நின்னு கத்துவான், "செம்பாயீ, பாலம் என்னாச்சு?" அவ கத்துவா, "மழை விடட்டும்னாருண்ணே!" மழை விட்டுச்சு. "செம்பாயீ, பாலம் என்னாச்சு?" "தச்சன் வரட்டும்னாருண்ணே!" தச்சனும் வந்தான். "செம்பாயீ, பாலம் என்னாச்சு?" "தச்சன் தலைவர் வீட்டுக்கு ஊஞ்சல் செய்யப் போயிட்டாண்ணே!"

ஆனா சேவுகன் இன்னொரு கல்லை மட்டும் பொறுக்கலை. "வேற கல்லை வச்சுட்டா நானும் மறந்துட்டேன்னு ஆயிருமே"ன்னு, பானையைச் சுவத்துல சாய்ச்சு ஒரு கையால பிடிச்சுக்கிட்டே சமைச்சான். கை வெந்து வெந்து காய்ச்சுப் போச்சு.

அடுத்த தேர்தல்ல நெடுமுடி முந்திக்கிட்டு வந்தான். "அவன் மரப்பாலம்னானா? நான் கல் பாலம்! நடுவுல நிழலுக்குப் பந்தல், மோருப் பானை!" இவனும் பரிசல்ல ஏத்திக்கலை, கஞ்சியைக் குடிச்சான், கல்லை வாங்குனான், தலைவரானான், மறந்தான். சேவுகனுக்கு மிச்சம் ஒத்தைக் கல்லு. ஒத்தைக் கல்லுல என்னத்தை வேக வைக்கறது? கிழங்கைத் தணல்ல சுட்டுத் தின்னான். பக்கத்துல யாராவது உக்காந்து தின்னா சுட்ட கிழங்கும் ருசிதான். தனியாத் தின்னா அது தொண்டையில நிக்கும், இறங்காது.

ஒரு நாள் செம்பாயி பிள்ளையைக் கரையில தூக்கிக் காட்டுனா. "பவளம், அந்தா பாரு மாமன்!" பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்துச்சு. அன்னிக்குச் சேவுகன் குடிசைக்குப் போயி, ஆளு இல்லாத வீட்டுல யாருக்கு வெக்கப்படணும், நல்லா சத்தம் போட்டு அழுதான்.

அப்புறம் மூணாவது தடவை வந்துச்சு. ஆத்துல தண்ணி ஏறுது, பரிசல் ஒண்ணுதான், அதனால ரெண்டு தலைவருங்களும் ஒரே பரிசல்ல மூஞ்சியை ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பிக்கிட்டு வந்தாங்க. மேளக்காரன், கட்சிக்காரங்க எல்லாரும் கூட. "வெள்ளிப் பாலம்!"னான் வல்லவராயன். "தங்கப் பாலம்!"னான் நெடுமுடி. சேவுகன் ஒரு பானையில தண்ணியும் கம்பு மாவும் போட்டுக் கலக்கினான்.

"பாலம் இருக்கட்டும் சாமிங்களா. கஞ்சி குடிக்கணுமில்ல?"

"ஆமா, சீக்கிரம் கொண்டா!"

"எப்படிக் கொண்டாறது? அடுப்புல ஒத்தைக் கல்லுதான் இருக்கு. ஒரு கல்லு உங்ககிட்ட, ஒரு கல்லு உங்ககிட்ட. அதனால கல்லு இருந்த இடத்துல நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பானையைப் பிடிச்சுக்கங்க. நான் தீ போடறேன்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. கஞ்சி குடிக்காமப் போனா போட்டியில இடம் இல்லை. இவன் எந்திரிச்சுப் போயி அவன் மட்டும் உக்காந்துட்டா, தலைவர் பதவி அவனுக்குப் போயிரும். அதனால ரெண்டு பேரும் உக்காந்தாங்க, இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை, நடுவுல பானை. சேவுகன் தீயைப் போட்டான்.

கொஞ்ச நேரத்துல பானை சுட்டுச்சு. "சுடுதுடா!" "இன்னும் வேகலைங்க." அப்புறமும் சுட்டுச்சு, தலைப்பாவை அவிழ்த்துக் கையில சுத்திக்கிட்டாங்க. "சுடுதுடா!" "இன்னும் வேகலைங்க." தலைப்பா கருகிப் புகைஞ்சுச்சு. "அய்யோ சுடுதுடா சேவுகா!" "எனக்கும் இப்படித்தாங்க இத்தனை வருஷமாச் சுட்டுச்சு." கைய விட்டாப் பானை உடையும். பிடிச்சாக் கை வேகும். அழுதுக்கிட்டே பிடிச்சிருந்தாங்க. மேளக்காரன் பார்த்தான், சிரிப்பை அடக்க முடியாம ஊருப் பக்கம் பார்த்து விஷயத்தைக் கத்திச் சொல்லிட்டான்.

அவ்வளவுதான்! இந்தக் கரையில பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்கு ஓடுனாங்க, பொறுக்கி வச்ச கல்லை எடுத்து ஆத்துல வீசுனாங்க. "எங்க வீட்டுலயும் கஞ்சி வேகணும், வந்து பானையைப் பிடிங்க!"ன்னு கரையில வரிசையா நின்னாங்க. திரும்பி வந்த ரெண்டு தலைவருங்களும் பரிசலை விட்டு இறங்கவே பயந்துட்டாங்க. "கல்லைக் கொண்டாந்து வச்சுடறோம் தாயீ, வேலையை முடிச்சுடறோம்!"னு ரெண்டு கட்சியும் சேர்ந்து மரம் வெட்டுச்சு. வெள்ளியும் இல்லை தங்கமும் இல்லை, சாதா மரப்பாலம். கொப்புளம் வெடிச்ச கையோட தலைவருங்களே கட்டையைச் சுமந்தாங்க. அந்த வருஷம் ஊரு, "எனக்கு வாய்க்காலைத் தூர் வாரத்தான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது"ன்னு நின்ன ஒருத்தனுக்குக் கல்லைக் குடுத்துச்சு.

பாலம் முடிஞ்சதும் சேவுகன் நடந்து வந்தான். பவளம் அண்ணாந்து பார்த்து, "அம்மா, மாமன் இத்தனாம் பெருசா?"ன்னு கேட்டுச்சு. அக்கரையில பார்த்தப்போ விரல் அளவுதானே தெரிஞ்சான், மாமன்னா விரல் அளவுதான்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு பாவம்.

காது குத்தறப்போ பவளம் அழுதுக்கிட்டே மாமன் துண்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. பார்த்தா, பிள்ளையை விட சேவுகன்தான் ஜாஸ்தியா அழறான். ஆசாரி கேட்டாரு, "ஊசி அதுக்குக் குத்துச்சு, நீ ஏம்பா அழறே?"

"என்னை யாரும் இப்படிப் பிடிச்சு ரொம்ப நாளாச்சுங்க"ன்னான் சேவுகன்.

சொல்றது சுலபம் பிள்ளைங்களா, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறவனுக்குத்தான் கை சுடும். கதை கரை ஏறிருச்சு, நீங்க கண்ணை மூடுங்க.