பெரிய வெள்ளியில் அடித்த மணி

பிறிஜித்தா மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டினாள். ஒரு முடிச்சுப் போதும். அவள் மூன்று போட்டாள். ஏணியிலிருந்து இறங்கினவள், மனம் கேளாமல் திரும்ப ஏறி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கினாள்.

பெரிய வியாழன் பூசையோடு மணி வாயை மூடினால் பிறகு சனிக்கிழமை இரவு, ஆண்டவர் உயிர்த்ததைக் கொண்டாடுகிற பாஸ்குப் பூசையில்தான் திறக்கும். ஆண்டவர் பாடுபட்டு மரித்துக் கிடக்கிற நேரத்தில் மணிச் சத்தம் கூடாது. ஆட்களைக் கோயிலுக்குக் கூப்பிட மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்தக் கடலோரத்து ஊரில் அது வழிவழியாக வந்த வழக்கம்.

ஆனால் சண்டை தொடங்கிய பிறகு அந்த மணிக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. குண்டு போடப் பிளேன் வருகிறதென்றால் விடாமல் அடிக்க வேண்டும். ஊர் மண்ணுக்குள் வெட்டின பங்கருக்குள் ஓடும். கோயிலைக் கூட்டி, மெழுகுதிரி ஏற்றி, மணி அடிக்கிற பிறிஜித்தாவின் தலையில்தான் அந்த வேலையும் விழுந்தது.

அவளுடைய மகன் எட்மன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வயது.

"அம்மா, நாளைக்குப் பிளேன் வந்தா என்ன செய்வியள்?"

"வாயைக் கழுவு."

"சனிக்கிழமைவரைக்கும் பொறுக்கச் சொல்லிப் பைலட்டுக்குக் கடிதம் போடுவியளோ?"

பேச்சு எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாக வீட்டில் இதே கதைதான். சண்டை பிடிக்கிற இயக்கத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தான். சனிக்கிழமை காலை சந்திக்கு வாகனம் வரும். அவனை மறிக்க அவளிடம் ஒரே ஒரு வசனந்தான் இருந்தது. சோறு போடும்போதும் அதைச் சொன்னாள், சட்டை தோய்க்கும்போதும் சொன்னாள்.

"கொலை செய்யாதே எண்டு எழுதிக் கிடக்கு, ராசா."

"பெரிய வெள்ளியில மணி அடிக்காதே எண்டுந்தான் கிடக்கு. சனம் சாகப்போகுதெண்டா அடிப்பியளோ, மாட்டியளோ? அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. பிறகு நான் போறதைப் பற்றிக் கதைப்பம்."

அவள் ஏணியை அப்படியே விட்டுவிட்டுச் சுவாமியின் அறைக்கு நடந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பங்குக் குரு நீக்கிலாப்பிள்ளைச் சுவாமி ஊருக்கு வந்த பிறகுதான் வேதாகமத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினாள். சுவாமி அவளைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அவள் விளங்காத எதையும் அவரிடந்தான் கொண்டுபோவாள். கொண்டுபோவதற்கு அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

சுவாமி சிரட்டைக்கரி இஸ்திரிப்பெட்டியால், மறுநாள் வழிபாட்டுக்குரிய சிவப்பு உடுப்பை மினுக்கிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, எனக்கு ஒரு சொல்லு வேணும்."

"என்ன சொல்லு, அக்கா?"

"துவக்குத் தூக்கிறது பாவம் எண்டு எட்மனுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னா அவனுக்குக் காது கேக்காது. நீங்கள் சொன்னா நிப்பான்."

மகன் மணியைப் பற்றிக் கேட்டதையும் சொன்னாள். சுவாமி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்லாத்தான் கேட்டிருக்கிறான்."

"மெச்சாதேங்கோ சுவாமி. அவன் போகப்போறான்."

சுவாமி மணிக்கூண்டுக்கு நடந்தார். ஏணியில் ஏறினார். முதல் முடிச்சு விரலுக்கு வந்தது. இரண்டாவதுக்கு நகம் வேண்டியிருந்தது. மூன்றாவதைப் பல்லால் இழுத்தார்.

"இதென்ன அக்கா, தோணி கட்டிற முடிச்சோ?"

அவள் சிரிக்கவில்லை. சுவாமி துணியை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"நாளைக்குக் கயிறு என்ர கையில இருக்கட்டும்."

"அப்ப அடிக்கலாமோ?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உடுப்பை மினுக்கப் போய்விட்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. பாடுகளின் வாசகம் முடிந்து, ஆட்கள் சிலுவையில் வாய் வைத்து முத்தி செய்ய வரிசையில் நின்றார்கள். சுவாமி சிலுவையை இரண்டு பெரியவர்களிடம் கொடுத்துவிட்டுக் கதவடியில் போய் நின்றார். பிறிஜித்தாவுக்குச் செபத்தில் மனம் நிற்கவில்லை. ஒரு கண் சிலுவையில், ஒரு கண் மகனில், காது கடல் பக்கம்.

சத்தம் கடல் பக்கந்தான் வந்தது.

சுவாமி சிவப்பு உடுப்போடு ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார். ஒரு தரம், இரண்டு தரம் அல்ல. ஊர் முழுக்கக் கேட்க, கை தோலுரிய அடித்தார். கோயிலுக்குள் இருந்தவர்கள் பங்கருக்குள் விழுந்தார்கள். எல்லாரும் இறங்கின பிறகுதான் அவர் கயிற்றை விட்டார்.

இரண்டு குண்டு விழுந்தது. ஒன்று பனங்காணிக்குள். ஒன்று கோயிலுக்குப் பக்கத்து றோட்டில்.

புகை அடங்கி வெளியே வந்தபோது கோயிலின் ஒரு பக்கச் சுவர் உரிந்திருந்தது. வரிசை நின்ற இடத்தில் ஓடும் கல்லும் கிடந்தன. சனம் சுவாமியின் கையைப் பிடித்து அழுதது. எட்மன் தாயின் தோளைப் பிடித்து உலுப்பினான்.

"பார்த்தியளோ அம்மா? சுவாமியே அடிச்சிட்டார். இனி என்ன கதை?"

அப்போதுதான் றோட்டுப் பக்கமிருந்து, கோயிலுக்கு அயலில் இருக்கிற செசீலியாவின் குரல் கேட்டது.

செசீலியாவின் தாய் சலோமைக்குத் தொண்ணூறு வயது. பத்து வருடமாகப் பாயில். அவசரத்துக்குத் தூக்க முடியாதென்று காலையிலேயே அவளை வீட்டுப் பங்கருக்குள் படுத்திவிட்டிருந்தார்கள். அவள் இப்போது றோட்டு ஓரத்தில், கோயிலைப் பார்த்தபடி கிடந்தாள்.

"மணி கேட்ட உடனே எழும்பிட்டா, சுவாமி," என்றாள் செசீலியா. "ஆண்டவர் உயிர்த்திட்டார், நான் கோயிலுக்குப் போகவேணும் எண்டா. அம்மா இண்டைக்கு வெள்ளிக்கிழமை, இது பிளேனுக்கு அடிக்கிற மணி எண்டு கத்தினன். கையை உதறிப்போட்டு வெளியில ஏறிட்டா. சிரிச்சுக்கொண்டு போனவ. பத்து வருசமா நடக்காத மனுசி, சுவாமி."

பொழுதுபடுவதற்குள் அடக்கம் செய்தார்கள். மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனவள் பிறிஜித்தா.

சனிக்கிழமை காலை எட்மன் பையோடு சுவாமியின் அறை வாசலுக்கு வந்தான். தாய் பின்னாலேயே வந்தாள். இரவு முழுக்க அழுததில் அவளுடைய குரல் கம்மியிருந்தது.

"ஆசீர்வாதம் வேணும், சுவாமி. பத்து மணிக்கு வாகனம்."

"நேரம் கிடக்கு. ஒரு இடத்துக்குப் போட்டு வருவம், வா."

மூன்று பேரும் நடந்தார்கள். செசீலியா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சுவாமி செருப்பைக் கழற்றினார். படியடி மண்ணில் முழங்காலில் நின்றார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா."

செசீலியா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன வேலை சுவாமி இது? எழும்புங்கோ. நீங்கள் அடிக்காட்டி என்ர மூண்டு பிள்ளையளும் அந்த வரிசையில நிண்டிருக்குங்கள்."

"ஓம், அக்கா."

"பிறகேன் மன்னிப்பு?"

அவர் எழும்பவில்லை. செசீலியா அவருக்கு முன்னால் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள். அடக்கத்திலும் அழாதவள் அப்போது அழுதாள்.

திரும்பி வரும்போது எட்மனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள், சுவாமி?"

"பிழை எண்டு நான் சொல்லேல்லை."

"இண்டைக்குப் பிளேன் வந்தா அடிப்பியளோ?"

"அடிப்பன்."

"அடுத்த பெரிய வெள்ளியில வந்தா?"

"அடிப்பன்."

"அப்ப ஏன் முழங்காலில நிண்டனீங்கள்?"

"கயிறு என்ர கையில இருந்தது, தம்பி."

சந்திக்கு வந்தபோது வாகனம் நின்றது. ஊர்ப் பெடியன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். பிறிஜித்தா சுவாமியின் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ, சுவாமி. உங்களைக் கும்பிட்டன்."

சுவாமி எட்மனின் தலையில் கையை வைத்தார். கயிறு உரித்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"போனாலும் நீ என்ர பிள்ளைதான். திரும்பி வந்தா முதல் என்னட்ட வா. நீ ஆரின்ர வாசலில முழங்காலில நிக்கவேணுமோ, அந்த வாசலுக்கு நானும் உன்னோட வருவன்."

பிறிஜித்தா கேட்ட சொல் அது அல்ல.

"எட்மன், ஏறடா. என்ன, சுவாமியாரோ ஆகப்போறாய்?" என்று வாகனத்துக்குள்ளிருந்து ஒருவன் கூப்பிட்டான். ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது.

எட்மன் பையைத் தோளில் மாட்டினான். ஒரு அடி வைத்தான். பிறகு நின்றுவிட்டான்.

வாகனம் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையும் அது வரும் என்று பிறிஜித்தாவுக்குத் தெரியும். அதற்கடுத்த சனிக்கிழமையும் வரும். அவள் மகனின் கையைப் பிடித்தாள்.

றோட்டில் தூசி அடங்கியது. எட்மன் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"சுவாமி, நான் நிக்கவேண்டிய வாசல் எங்க இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சுவாமி செசீலியாவின் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"எனக்கு அது நாலு வீடு தள்ளி இருந்தது, தம்பி. உன்ர வாசல் எங்கயெண்டு எனக்கும் தெரியாது."