வெள்ளைச் சட்டைச் சோதனை

தன் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட மாற்றிவிடுவார் பேராசிரியர் ஆளவந்தார். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு புதிய இரும்புச் சேர்மத்துக்குக் கணக்குப் போட்டது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பட்டால் இதன் எலெக்ட்ரான் கிளர்ச்சி நிலைக்கு ஏறாது, அதனால் இது குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும் என்றது.

அவருடைய ஆய்வு மாணவி பேச்சியம்மாள் அதைச் செய்து பார்த்தாள். குங்குமச் சிவப்பாக வந்தது.

"கணக்குல எங்கயோ தப்பு இருக்கு சார்."

"உன் குடுவையிலதான் அழுக்கு இருக்கு. நாளைக்கு நிபுணர் குழு வருது. கம்ப்யூட்டரைத் தொடாம அவங்க முன்னாடி தப்பை நிரூபி. இல்லேன்னா வேற கைடைப் பாத்துக்கோ."

மறுநாள் அவர் சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் நின்று, தன் கணக்கு கடுகளவும் பிசகாது என்று முழங்கினார். பேச்சியம்மாள் பாட்டிலும் டிராப்பருமாகப் பணிவோடு எழுந்து வந்தாள்.

"அழுக்கு இல்லாம சுத்தம் பண்ணிட்டேன் சார். பக்கத்து லேப்லயும் சோதிச்சு, சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க. உங்க கணக்குப்படி இதுக்கு நிறமே கிடையாது. சட்டையில ஒரே ஒரு சொட்டு விடட்டுமா?"

டிராப்பர் நுனியில் சிவப்புச் சொட்டு ஆடியது. ஆளவந்தார் துள்ளிய துள்ளலில் நாற்காலி கவிழ்ந்தது.

"வேண்டாம்மா, கறை போகாது."

குழுத் தலைவி எஸ்தர் மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தப்பைக் கண்டுபிடிச்சிட்டியே, பேச்சி."

"நான் இல்ல மேடம், சார்தான் கண்டுபிடிச்சாரு. அதுவும் கம்ப்யூட்டரைத் தொடாமலே."