மேகம் மறைத்த செய்தி

"என்னடி, இன்னைக்கு டிவிப் பெட்டி பேச்சையே நிறுத்திடுச்சாமே!"

ஓடையில் மீனுக்குக் காத்திருந்த கொக்கு ஒன்று தன் தோழியிடம் சொன்னது. கரையில் வளைக்குள் இருந்த எலியின் காதில் அது விழுந்தது. எலிக்குத் திக்கென்றது. வளையில் கண் திறக்காத குட்டிகள் மூன்று இருந்தன.

காட்டோரம் வனக்காவலர் வீடு. அதன் கூரையில் ஒரு டிஷ் ஆன்டெனா. ஒரு மைனா அதன்மேல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக டிவியில் வானிலைச் செய்தி கேட்டு, எல்லோருக்கும் கூவிச் சொல்லும். அது சொல்லாமல் ஓடைக்கரையில் யாரும் வளை மாற்றுவதில்லை.

எலி ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தது.

"மைனாக்கா, மழை வருமா?"

"எச்சரிக்கை எதுவும் வரலை. போய்த் தூங்கு!"

"டிவி ஓடுதா?"

"இல்லை. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடுச்சு. அதுக்கென்ன? வெயில் மண்டையைப் பிளக்குதே!"

"டிஷ் எந்தப் பக்கம் பார்க்குது?"

"மலைக்கு மேலே."

"அங்கே வானம் எப்படி இருக்கு?"

மைனா கழுத்தைத் திருப்பியது. "கொஞ்சம் கறுப்பாத்தான் இருக்கு."

எலி பின்னங்காலில் எழுந்து நின்றது. "போன ஐப்பசியிலும் இப்படித்தான் ஆச்சு! வானத்திலிருந்து வர்ற சிக்னல் மழைக்குள்ளே புகுந்துதான் வரணும். மழை பலமா இருந்தா துளிகளே அதைக் குடிச்சிடும். மலையிலே கொட்டுது அக்கா! அந்தத் தண்ணி இந்த ஓடைக்குத்தானே வரும்?"

"செய்தியிலே சொல்லட்டும், நானும் சொல்றேன். வதந்தி பரப்பாதே!"

"செய்தி வரலைன்னா ஆபத்து வரலைன்னு அர்த்தமில்லை!"

எலி திரும்பி ஓடியது. ஒரு குட்டியைக் கவ்விப்போய் மேட்டிலிருந்த புளியமரப் பொந்தில் போட்டது.

"மைனாவே சொல்லலை, உனக்கென்ன அவசரம்?" என்று பக்கத்து வளைப் பெருச்சாளி சிரித்தது.

எலி திரும்பவும் வளைக்குள் புகுந்தது. இரண்டாவது குட்டியையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூச்சு இரைத்தது.

மறுபடி இறங்கும்போது ஓடை இரைந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்தது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. பெருச்சாளி அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. எலிக்கும் அதன் வளைக்கும் நடுவே தண்ணீர் சுழித்தது.

"அக்கா! ஒண்ணு உள்ளே இருக்கு!"

மைனா ஜன்னலைப் பார்த்தது. டிவியில் படம் இன்னும் உடைந்தபடியே நின்றது.

மைனா டிஷ்ஷை விட்டு எழுந்து நேரே வளை வாசலில் இறங்கியது. தலையை உள்ளே நுழைத்துக் குட்டியை மெல்லக் கவ்வியது. பிறகு வெள்ளத்துக்கு மேலே புளியமரத்தை நோக்கிப் பறந்தது.